உற்பத்தி நிறுத்தப்பட்டது

பாம்பனில் பஸ் ஏறி
கீழக்கரை இபுராம்சா கடைக்குப் போனது
மிக்சி ஜாருக்கு வாஷர் வாங்க.

மேசைக்கடியில் ஒரு அட்டைப்பெட்டி.
ஷார்ஜாவிலிருந்து யாரோ கொண்டுவந்து
யாரோ விளையாடி
யாரோ விட்டுப்போன கேம் பெட்டி.
கறுப்பு. மூலையில் ஒரு கீறல்.
"இத இப்பச் செய்றதில்லம்மா,
கம்பெனியே கைகழுவிருச்சு."
எச்சரிக்கையாகத்தான் சொன்னார்.
எனக்கு அது
மாமியார் இல்லை, நாத்தனார் இல்லை என்று
வரனுக்குச் சொல்கிற சேதி மாதிரி கேட்டது.

இரண்டாயிரத்து இருநூறு சொன்னார்.
ஆயிரத்து எண்ணூறுக்கு முடிந்தது.
வாஷரை மறந்துவிட்டேன்.

ரூபன் பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.
ஐஸ் கம்பெனியில் கணக்கெழுதுகிற
முப்பத்தேழு வயதுப் பொம்பளைக்கு
என்ன விளையாட்டு என்று கேட்கவில்லை.
சட்னிக்கு என்ன வழி என்று மட்டும் கேட்டார்.

அக்கா மகன் ஜெரின் வைத்திருப்பது புதுசு.
வெள்ளை. ஐம்பதாயிரம்.
ஞாயிறு பூசை முடிந்து பார்க்கப் போனோம்.
திரையில் ஒரு வட்டம் சுற்றியது.
நாற்பது ஜிபி இறங்க வேண்டுமாம்.
வெளியே வாடைக்காற்று,
டவர் ஒரு கோடு காட்டும், மறைக்கும்.
கறிச்சோறு சாப்பிட்டோம். வட்டம் சுற்றியது.
பாயசம் குடித்தோம்.
பாஸ்வேர்டு கேட்டது.
அவனுக்கு ஞாபகமில்லை.

என்னுடையதற்கு நான் யாரென்று தெரிய வேண்டாம்.
தட்டை வைத்தால் ஒரு முனகல்,
சின்ன இருமல், பிறகு வெளிச்சம்.

உப்புக்காற்று எங்கள் ஊரில் கொலுசையே தின்னும்.
மாதம் ஒருமுறை நாலு திருகாணி கழற்றி
செம்பு முனைகளை ஸ்பிரிட் தொட்டுத் துடைக்கிறேன்.
திறக்கக்கூடாது என்று ஒட்டியிருந்த தாள்
எனக்கு முன்பே எவரோ கிழித்தது.
திறந்தால் கோபித்துக்கொள்ள
இனி ஆளில்லை.

கார்டில் ஒரு பெயர் இருந்தது. நிலோபர்.
ஐம்பத்தெட்டு மணி நேரம்.
கடைசி அரக்கனுக்கு ஒரு கதவு முன்னால்
நிறுத்தியிருந்தாள்.
அழித்துத் தரவா என்றார் இபுராம்சா.
வேண்டாம் என்றேன்.
நிக்காஹ் ஆகிப் போனாளோ, பரீட்சை வந்ததோ,
சோறு ஆறுது என்று யாரும் கூப்பிட்டார்களோ.
அவள் கதவை நான் தொடவில்லை.
அதற்குக் கீழே என் பெயரில் ஒன்று.

தடைக்காலம் வந்தது.
விசைப்படகெல்லாம் நங்கூரத்தில்.
கிழிந்த வலையெல்லாம் பொத்தி முடித்தபின்
ரூபனுக்குக் கை சும்மா இருக்காது.
அந்த ஆட்டத்தில் ஒரு கடல் உண்டு, ஒரு தோணி உண்டு.
தூண்டில் போட்டார்.
பாறையுமில்லை, சீலாவுமில்லை,
நீலத்தில் பேர் தெரியாத ஒன்று.
"கிலோ என்ன போகும்?" என்றார்.

இன்னும் ஓட்டினார். கிழக்கே. பழக்கம்.
ஒரு இடத்தில் தோணி நின்றது.
அப்பால் தண்ணீர் தெரிகிறது, போக முடியவில்லை.
மேப்பு அங்கே முடியுது என்றேன்.
தோணி தானாகத் திரும்பிக்கொண்டது.

அவர் பேசவில்லை.
மறுபடி ஓட்டினார். மறுபடி திரும்பியது.
முகத்தில் லைட் அடிக்கவில்லை யாரும்.
கயிறு வீசி இழுத்துப்போகவில்லை.
பதினைந்து வருடமாக அதே இடத்தில் அதே கோடு,
இனி அதை நகர்த்த ஒருவருமில்லை.
நம்பலாம்.
நான் அம்மியில் தேங்காய் அரைத்துக்கொண்டிருந்தேன்.
ஏழு தடவை எண்ணினேன்,
பிறகு எண்ணவில்லை.

வாங்கலாமா என்று இப்போது
ஐஸ் கம்பெனியில் இரண்டு பேர் கேட்கிறார்கள்.
வயரை அசைத்துப் பாருங்கள்.
தட்டு சுற்றும் சத்தத்துக்குக் காது கொடுங்கள்.
கார்டில் யார் பெயராவது இருந்தால்
பழசு என்று சொல்லி இருநூறு குறையுங்கள்,
அழிக்க மட்டும் சொல்லாதீர்கள்.
அப்படியே எனக்கு
ஒரு வாஷர்.