எட்டாவது தூணின் அளவு

மண்முனைப் பாலம் கடந்து
காலை ஏழுக்கு வந்திறங்கினோம்.
நாடா, தூக்குக்குண்டு, நனையாத மட்டையில் ஒரு கொப்பி.
மண்டபத்தின் வடசுவர் நாற்பத்தொரு அடி.
தென்சுவர் நாற்பதே முக்கால்.
மூன்று தரம் அளந்தும்
தாளில் மூலை மூட மறுக்கிறது.

காத்தான்குடியிலிருந்து சுண்ணாம்பு பார்க்க வந்த
கலந்தர்லெவ்வை மேசன்
நகத்தால் கீறிக் கீறிச் சுவருக்கு வயது சொன்னார்:
அடியில் முருகைக்கல்,
கடல் இன்னும் உப்பாய்ப் பூக்கும் இடம்;
இடுப்புவரை ஒல்லாந்தர் அளவுச் செங்கல்,
கோட்டைக்குச் சுட்டதில் மிச்சமோ, களவோ;
அதற்கு மேலே
எழுபத்தெட்டுச் சூறாவளி கூரையைக் கொண்டுபோன பிறகு
அவசரத்தில் அப்பிய சீமெந்து.
"இதுதான் தம்பி, சுவர மூச்செடுக்க உடாதது."

வண்ணக்கர் கனகசபைப்போடி
தூண்களைப் பேர் சொல்லி எண்ணினார்.
ஏழு குடிக்கு ஏழு தூண்.
அந்தந்தத் தூணடியில் நின்றுதான் காளாஞ்சி வாங்க வேண்டும்.
தட்டில் ஒரு பாக்குக் குறைந்ததற்காக
பதினொரு வருடம் பூட்டிக் கிடந்த கோயில் இது.

எட்டாவது?

"அது... சும்மா. பாரத்துக்கு."

பாரத்துக்கு நிற்பதன் சுற்றளவு
நாலடி இரண்டங்குலம்.
மற்றவற்றில் சுதைத் தாமரை, யாளி, குடிச்சின்னம்.
இதில் மொட்டைப் பூச்சு.
ஏணி வைத்து ஏறினால்
தலைக்கு மேலே ஒரு முழத்தில்
விரல் புதையும் பள்ளம்,
வளையமாய், வழுவழுவென்று.
எந்தக் கரண்டியும் செய்ததல்ல.

"தொண்ணூறில இஞ்சதான் இருந்தம்"
என்றாள் நாடாவின் மறுமுனையைப் பிடித்திருந்த தவமலர்.
நாலு மாதம். நூற்றுச்சொச்சம் குடும்பம்.
மற்றத் தூணில் கயிறு கட்ட விடவில்லை.
இதில் ஒரு முனை, சன்னல் கம்பியில் ஒரு முனை,
நடுவில் ஏணை.
ஒரு பிள்ளை உறங்கி எழும்ப
அடுத்த பிள்ளை.

"பூசி மறைக்கவா?" மேசன் கேட்டார்.
வண்ணக்கர் வாவிப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

என் படிவத்தில் இரண்டு கட்டங்கள்:
காலம். செய்தவர்.
முதலாவதை நிரப்பினேன்.
இரண்டாவதுக்கு
தவமலர் பெயர்கள் சொல்லத் தொடங்கினாள்,
பாதி வீட்டுப் பெயர், செல்லப் பெயர்,
பெயர் வைக்கமுன் போன ஒன்று.
கட்டம் சிறிது.
தாளைத் திருப்பினேன்.

"எந்தக் குடி?"
பழக்கத்தில் கேட்டுவிட்டார் வண்ணக்கர்.

அவள் கேட்காத மாதிரி
அடுத்த பெயருக்குப் போனாள்.