அறையின் முப்பது நொடி

பேட்டி முடிந்ததும் யாரையும் எழ விடமாட்டேன்.
"இன்னும் முப்பது நொடி, அப்படியே இருங்கள்."
அறையைப் பதிவுசெய்ய வேண்டும்:
குளிர்பெட்டியின் முனகல், சன்னல் சட்டத்தில் காற்று,
நடுங்கும் முழங்காலின் துணிச்சத்தம்.
படத்தை வெட்டி ஒட்டும்போது
சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே பூச இதுதான் சாந்து.
பதினொரு வருடமாக இதுவே என் பிழைப்பு.

எங்கள் ஒலொமோட்ஸில் ஒரே சொல் போதும். திஹோ.
வகுப்பை அதட்டவும்,
பனி விழுந்த காலையை வியக்கவும்,
அவன் தொலைபேசியை வைத்த பிறகு
காதில் மிஞ்சியதைச் சொல்லவும்.

சான் நதிக்கரையில் அதைச் சிஷா என்றார்கள்.
பல்லிடுக்கில் தப்பிக்கும் காற்று.
திருமதி கெனோவெஃபா மைக்குக்கு மிக அருகில் சாய்ந்து
பேரனைப் பார்த்துச் சொன்னபோது
என் கருவியின் முள் எகிறிச் சிவப்பில் விழுந்தது.
அன்றைக்கு அந்த வீட்டில் அதிகம் இரைந்தது அந்தச் சொல்தான்.

பாலங்களைப் பற்றிய படம். இயக்குநர் வீலாண்ட், லைப்ஸிக்காரர்.
அவருடைய ஆட்களுக்கு நாங்கள் வைத்த பெயரின் அடியில்
'ஊமை' கிடக்கிறது.
எங்கள் பேச்சு புரியாதவர்களுக்கு வேறென்ன பெயர் வைப்பது?
வேனில் ஒருநாள் இதைச் சொல்லித் தொலைத்தேன்.
சிரித்தார்.
பிறகு தெஸ்னா வரைக்கும் வாயே திறக்கவில்லை.

தெஸ்னாவில் பனாஸ்,
இடிந்த பாலத்துக்கு இன்னமும் காவல்காரர்.
காலை ஒன்பது மணி. வானொலியில் தாளமானி
இறந்தவர்களுக்காக ஒரு நிமிடம் நடந்தது,
டக், டக், டக்.
தொப்பியைக் கழற்றிக்கொண்டு எழுந்து நின்றார்.
என் முப்பது நொடியை நான் கேட்க நேரவில்லை.
"மோவா என்றால் மொழி" என்றார் தேநீர் ஊற்றியபடி.
"மோவ்ச்சான்யா என்றால் மௌனம். பாருங்கள்,
மௌனத்துக்குள் மொழி குந்தியிருக்கிறது."
இரண்டுக்கும் வேர் வேறு. கல்லூரியில் படித்தது.
அவரிடம் சொல்லவில்லை.
சர்க்கரையைக் கலக்கிக்கொண்டிருந்தேன்,
கரைந்து வெகுநேரம் ஆன பிறகும்.

உனா நதிக்கரையில்தான் மாட்டிக்கொண்டேன்.
அமைதிக்கு அங்கேயும் ஒரே சொல்தான், திஷினா;
அது ஆற்றுக்கும் இரவுக்கும் பொது.
மனிதர் வாய்மூடுவதற்குத்தான் இரண்டு.
ஷூதிதெ என்பார் ஒருவர்,
ச்சூதிதெ என்பார் அடுத்த வீட்டுக்காரர்.
ஒரே பிளம் மரத்தின் கிளை இரண்டு வேலிக்கும் மேலே.

"சாவடியில் பேருந்தை நிறுத்தினார்கள்" என்றார் ஸும்ரெதா.
"பேசாமல் இருந்தவரை நாங்கள் யாராகவும் இருந்தோம்.
பின் இருக்கையில் ஒருத்தி
அழும் குழந்தையிடம், பேசாதே, என்றாள்.
எந்தப் பேசாதே என்பது அவர்களுக்குப் போதுமாயிருந்தது."

அவ்வளவுதான். காபிக் கோப்பையை நகர்த்தி வைத்தார்.

இப்போது நான் கேட்க வேண்டும், முப்பது நொடி,
அறைக்காக.
எந்தச் சொல்லால்?
காதில் ஒலிவாங்கியோடு, வாய் பாதி திறந்து நின்றேன்.
அவர் பார்த்தார்.
தன் உதட்டில் தானே விரலை வைத்துக்கொண்டார்.

குழாய் சொட்டியது. தெருவில் யாரோ கம்பளம் உதறினார்கள்.

பிர்னோவில் வெட்டுமேசை.
அவர் பேச்சின் நடுவே இரண்டு நொடி ஓட்டை.
கெனோவெஃபாவின் சமையலறையை வைத்துப் பார்த்தேன்,
ஒட்டவில்லை. பனாஸின் அறைக்குள் தாளமானி தட்டுகிறது.
ஒருவர் வீட்டு அமைதி இன்னொருவர் வாய்க்குப் பொருந்தாது;
காது கண்டுபிடித்துவிடும்.

உனாவின் கோப்புக்கு மட்டும் எண்தான், பெயரில்லை.
என்ன சொல் போட என்று வீலாண்ட் கேட்கிறார்.
ஒலியைக் கூட்டி மறுபடி ஓடவிடுகிறேன்.
முப்பத்தோராவது நொடியில்
ஸும்ரெதா எதையோ சொல்ல மூச்சிழுக்கிறார்.
நாக்கு அண்ணத்தைத் தொட்டதா,
தொடாமல் காற்றை மட்டும் விட்டதா,

அதற்குள் சேவல்.