கதவு. டிரம். பிறகு.

மீன் வாடை போகாத வடகடல் ஊர்.
பிப்ரவரிச் சனிக்கிழமை.
தேவாலயக் கூடத்து ஹீட்டர்
இருமும், நிற்கும், மறுபடி இருமும்.
ஒலிப்பலகை என் பொறுப்பு.
பகலில் படகு எஞ்சின்களுக்கு வைத்தியம்,
இரவில் இதுபோன்ற கூட்டங்களுக்குக் காது.

சுவரொட்டியில் பச்சை எழுத்து:
எல்லோருக்கும் பேச உரிமை உண்டு.
நுழைவு ஐந்து பவுண்ட்.
வாய்ச்சொல் வராதவர்களுக்கு
படத்தைத் தொட்டால் பேசும் கருவிகள் வாங்க.
குலுக்கலில் முதல் பரிசு
புகையிட்ட ஹாடாக் மீன் ஒரு பெட்டி.
ஏலத்துக்கு ஒரு கம்பளி ஸ்வெட்டர்,
இரண்டு கையும் வேறு வேறு நீளம்.

ஃபிடில் வாசித்த இரட்டையர்
ஒருவரையொருவர் முந்தப் பார்த்தார்கள்.
உயிர்காப்புப் படகுக்காரர்களின் பாடற்குழு
மூன்றாம் சரணத்தில் தரை தட்டியது.
கைதட்டினோம்.
நல்ல காரியம் என்றால்
எதற்கும் கைதட்டுகிற ஊர் இது.

நிரலில் கடைசி வரி:
நன்றியுரை, லோர்னா, இரண்டு நிமிடம்.
முப்பத்தொரு வயது. சக்கர நாற்காலி.
பத்து நகத்திலும் சிவப்புப் பூச்சு,
அதில் ஒரு விரல்தான் அவள் சொல் கேட்கும்.
பொருளாளர் ஃபார்க்கர் முந்தின நாளே
நன்றியைக் கருவியில் ஏற்றி வைத்திருந்தார்.
ஒரே பொத்தான்.
அழுத்தினால் போதும்,
எங்கள் ஊரில் யாரும் பேசாத
தெற்கத்திச் சீமாட்டியின் குரலில்
பதினான்கு பேருக்கு நன்றி.

அவள் அதை அழுத்தவில்லை.

"கதவு" என்றது கருவி.

பிறகு ஒன்றுமில்லை.
இடைவெளி விழுந்தால் ஒலியை இறக்குவது
என் விரலின் பழக்கம்.
இறக்கவில்லை. ஏனென்று இன்றும் தெரியாது.
பெட்டிகளில் ஹீட்டர் பெரிதாக இருமியது.
திரையில் நகம் உரசுவது கேட்டது.
சாப்பாடு என்ற பக்கம். உடம்பு. வானிலை.
அவள் தேடிய சொல்லை
எந்தப் பக்கத்திலும் யாரும் வைத்திருக்கவில்லை.

ஃபார்க்கர் எழுந்தார்.
"குளிருதா கண்ணு? கதவைச் சாத்தணுமா?"

"நான் இன்னும் முடிக்கவில்லை."
அந்தப் பொத்தானுக்கு மட்டும்
அவளுக்குக் கண்ணை மூடிக்கொண்டும் வழி தெரியும்.
அவர் உட்கார்ந்தார்.

நான்கு நிமிடம்.
ஒருவர் கடிகாரம் பார்த்துவிட்டுச்
சட்டைக்கையை இழுத்து மறைத்தார்.
ஒரு குழந்தை மிட்டாய்க் காகிதத்தை
பிரிக்காமல் பிடித்துக்கொண்டது.

இந்தக் கச்சேரிக்கென்றே யாரோ சேர்த்திருந்த
வாத்தியங்கள் பக்கத்துக்கு வந்து சேர்ந்தாள்.
ஃபிடில் மேல் போன விரல் நகர்ந்தது.

"டிரம்."
"பிறகு."
"உள்ளே."

டிரம் வாசித்த பையன்
தன்னைக் கூப்பிடுவதாக நினைத்து
பாதி எழுந்து நின்றான்.

மூன்றாம் வரிசையில் அவள் இல்லத்துப் பணியாளர்கள்.
நல்லவர்கள். குளிப்பாட்டுவார்கள், தலை வாருவார்கள்,
அந்தச் சிவப்புப் பூச்சும் அவர்கள் கைவேலைதான்.
விடியற்காலையில் விளக்கைப் போட்டுக்கொண்டே
பேசிக்கொண்டே நுழைவார்கள்.
அவர்களில் கத்ரியோனா
முன்நாற்காலியின் முதுகை
மடக்கிய விரலால் இரண்டு முறை தட்டினாள்,
கேள்வி கேட்பதுபோல்.

"ஆமாம்" என்றது சீமாட்டிக் குரல்.
"ஆமாம். ஆமாம். ஆமாம்."

அதற்குக் கைதட்ட
எங்களில் யாருக்கும் வரவில்லை.

வசூல் அறுநூற்றுப் பன்னிரண்டு பவுண்ட்,
கொஞ்சம் சில்லறை, ஒரு சட்டைப் பொத்தான்.
ஃபார்க்கர் இரண்டு தரம் எண்ணினார்.
ஸ்வெட்டரை அவரே எடுத்துக்கொண்டார்,
நீளக் கையை மடித்துவிட்டபடி போனார்.

கேபிள்களைச் சுருட்டிக்கொண்டே வந்தேன்.
கடைசி ஒன்று அவள் கருவியில் செருகியிருந்தது.
நீட்டிய கையை நிறுத்தி
மேசை விளிம்பைத் தட்டினேன்.
எஞ்சின் பார்க்கிற கை, சத்தம் கூடிப்போனது.

லோர்னா நிமிர்ந்தாள். அவசரமே இல்லை.
"இல்லை" என்றாள்.
சிரித்தாளா என்று தெரியவில்லை.

மறுமுனையைத் தரையில் வைத்துவிட்டு
நாற்காலிகளை அடுக்கப் போனேன்.