வாரம் ரெண்டு தடவை

சாவியைக் கொடுக்கும்போதே சொன்னான் சகாயதாஸ்:
"வாரம் ரெண்டு தடவை, பத்துப் பத்து நிமிஷம்.
ஏசி போடாதே. ஆகஸ்ட் வெயில்,
பேட்டரிக்கு ஆகவே ஆகாது."
மனைவிக்கு ஆபரேஷன். பதினைந்து நாள் லீவு.
ஏர்போர்ட் வாசலில்
என் கையை விட்ட பிறகும்
சாவியை விடாமல் கொஞ்ச நேரம் நின்றான்.

முதல் வாரம் இரண்டு தடவை போனேன்.
அடுத்த வாரம் ஒரு தடவை.
அப்புறம் நைட் ஷிஃப்ட் வந்தது,
அறையில் தண்ணீர் நின்றது,
நாற்பத்தெட்டு டிகிரி வந்தது.

நாற்பத்தோராம் நாள்
அபு ஷகாரா மணல் பார்க்கிங்கில்
அவன் சன்னி வெள்ளையா பழுப்பா என்று
பந்தயமே கட்டலாம்.
முன் கண்ணாடித் தூசியில்
எந்தப் பொடியனோ விரலால் வரைந்த மீசை.
வைப்பருக்கடியில் முனிசிபாலிட்டி நோட்டீஸ்.

சாவியைத் திருப்பினேன்.
டிக்.
மறுபடியும்.
டிக்.
டேஷ்போர்டு விளக்குகள் மங்கலாகக் கண் திறந்து,
யாரென்று பார்த்துவிட்டு,
திரும்பப் படுத்துக்கொண்டன.

அப்போதுதான் போன்.
வெள்ளிக்கிழமை தவறாமல் கூப்பிடுவான்.
மனைவி எப்படி என்றால் "இருக்கா."
டாக்டர் என்ன சொல்கிறார் என்றால்
"பில்லைத்தான் சொல்றார்."
பிறகு அவன் முறை: "வண்டி?"
"காலையில கூட ஸ்டார்ட் பண்ணேன்டா."
நான்கு வெள்ளியாக
தடுமாறாமல் வரும் வசனம்.

இன்றைக்கு அவன் விடவில்லை.
"போனை பானட் கிட்ட பிடி.
சத்தம் கேக்கணும்."

நாலு அடி தள்ளி ஒரு டெலிவரி வேன்,
ஏசிக்காக எஞ்சினை ஓடவிட்டு
உள்ளே ஒருவர் வாய் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தார்.
அதன் மூக்கருகே போனை நீட்டினேன்.
அரை நிமிஷம் கேட்டான்.

"இது டீசல்," என்றான்.

திட்டியிருக்கலாம். திட்டவில்லை.
"என் வண்டி ஸ்டார்ட் ஆனா பெல்ட் கத்தும்.
மூணு செகண்டு. பூனைக்குட்டி மாதிரி.
உனக்குத் தெரியாதா?"
வைத்துவிட்டான்.

வேன் கண்ணாடி இறங்கியது.
குல்ஜமான், பெஷாவர்.
"கியா ஹுவா?" என்றவர்
என் முகத்தைப் பார்த்து
பதிலுக்குக் காத்திருக்கவில்லை.
பானட்டைத் தூக்கினோம்.
டெர்மினலில் பச்சையும் வெள்ளையுமாக உப்புப் பூத்திருந்தது.
குடித்து மிச்சமிருந்த பெப்சியை அதன்மேல் ஊற்றி
பழைய பனியனால் துடைத்தார்.
சீட்டுக்கடியிலிருந்து கேபிள்.
சிவப்பு இங்கே, சிவப்பு அங்கே.
கறுப்பின் மறுமுனையை
பேட்டரியில் மாட்டப் போன என் மணிக்கட்டைத் தட்டி
எஞ்சின் இரும்பில் மாட்டவைத்தார்.
"அஞ்சு நிமிட்," என்று விரலை விரித்துக் காட்டினார்.

வண்டிக்கடியில் குடியிருந்த பூனை
இதெல்லாம் பிடிக்காமல் எழுந்து போனது.

ஐந்து நிமிஷம் கழித்து நானே கூப்பிட்டேன்.
எடுத்தான். ஹலோ சொல்லவில்லை.
நானும் சொல்லவில்லை.
திறந்த பானட்டுக்குள் ஃபில்டர் பெட்டிமேல் போனை வைத்துவிட்டு
உள்ளே போய்ச் சாவியைத் திருப்பினேன்.

கத்தியது.
ஒன்று, இரண்டு, மூன்று.
பிறகு சன்னி தன் பாட்டுக்கு முனகத் தொடங்கியது.
ரேடியோக் கடிகாரம் மணி ஒன்று என்றது.
அதற்கு எதுவும் ஞாபகமில்லை.

இறங்கி வந்து போனைக் காதில் வைத்தேன்.
அந்தப் பக்கம் தள்ளுவண்டிச் சக்கரம் ஒன்று
கீச்சிட்டுக்கொண்டு போனது.
யாரோ டோக்கன் எண் கூப்பிட்டார்கள்,
இரண்டு முறை.
அவன் எண்ணோ என்னவோ,
எழுந்த மாதிரி தெரியவில்லை.

"பேட்டரி கதம், பாய்," என்றார் குல்ஜமான்.
"புதுசு போடு. இது நாளைக்கு எடுக்காது."
கேபிளைக் கழற்றக் கை வைத்தார்.
பொறுங்கள் என்று சைகை காட்டினேன்.

"டேய்," என்றான் சகாயதாஸ்.
"சொல்லுடா."
"ஆஃப் பண்ணிடாதே.
இன்னும் கொஞ்சம் ஓடட்டும்."