மூன்று கோடுகள்

படிவத்தில் மூன்று கோடுகள்.
வீட்டு உரிமையாளர்.
வயரிங் செய்தவர்.
சோதித்துச் சான்றளிப்பவர்.
மூன்றிலும் ஒரே பெயர்தான் வர வேண்டும்:
ஆ. ஜெசிந்தா, லிங்கராஜபுரம், பெங்களூர்.

கடன் வாங்கி எழுப்பிய இரண்டு அறை.
கூலியாவது மிஞ்சட்டும் என்று
ஞாயிறு ஞாயிறாக நானே சுவர் கீறினேன்,
நானே குழாய் பதித்தேன்.
சிவப்பு, கறுப்பு, பச்சை மூன்றையும்
ஸ்பிரிங்கில் கட்டி நான் தள்ள,
மறுமுனையில் அருளப்பன்
"வருது, வருது, இன்னும் கொஞ்சம்" என்பான்
பிரசவம் பார்ப்பவன் போல.

வாசலில் குழி வெட்டி
கரியும் உப்பும் மாறி மாறிக் கொட்டி
இரண்டு குடம் தண்ணீர் ஊற்றினேன்.
உப்பைப் பார்த்துவிட்டு
"தென்னங்கன்றா?" என்றார் எதிர்வீட்டு மஞ்சுளம்மா.
இல்லைங்க.
தடம் மாறும் கரண்டு
யார் மேலும் ஏறாமல் இறங்கிப் போக
ஒரு வழி.

நூற்றுப் பத்து வீடுகளுக்குக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்,
ஹெண்ணூரில், பாணஸ்வாடியில், கம்மனஹள்ளியில்.
பாதிக்குமேல், உள்ளே போகாமலே.
ஸ்கூட்டர் சீட்டில் படிவத்தை விரித்து,
காற்றில் பறக்காமல் ஹெல்மெட்டை வைத்து.
மெகர் பையிலேயே தூங்கும்.
எண்ணை நானே எழுதுவேன்,
கொஞ்சம் முன்பின்னாக,
நம்பும்படியாக.

இன்று பேனா நகரவில்லை.

கீசருக்குப் போகிற வழியில்
ஒரு முழம் வயர் பத்தவில்லை.
கடை சாத்தியிருந்தது. மழை வேறு.
முறுக்கி, டேப் சுற்றி,
சிமென்ட் பூசி மூடிவிட்டேன்.
அதன்மேல் இளநீலம் இரண்டு கோட்டு.
அருளப்பனுக்குத் தெரியாது.
குளியலறையில் பாட்டுப் பாடும்
ரீட்டாவுக்கும் தெரியாது.

மெகரை வைத்துப் பார்த்தேன்.
நல்ல எண். பிழையில்லாத எண்.
ட்ரிப்பர் பொத்தானை அமுக்கினேன்,
டக்கென்று விழுந்தது.
விதிப்படி என் வீடு தேறிவிட்டது.

உளியை எடுத்தேன்.

"நல்லாத்தானே எரியுது?" என்று
வாசலில் நிற்கிறான் அருளப்பன்,
தலையெல்லாம் இளநீலத் தூள்.
புது வயரை முழுசாக இழுத்தோம்.
இரவு ஒன்பதாகிவிட்டது.

இரண்டு கோடுகளில் கையெழுத்துப் போட்டேன்.
மூன்றாவதில் பேனாவை வைத்தபோது
பாணஸ்வாடியில் ஒரு மஞ்சள் கேட்
ஞாபகம் வந்தது.
உள்ளே ஒரு குட்டி சைக்கிள் சாய்ந்திருந்தது.
இன்சுலேஷன், எர்த்து,
நான் எழுதிய எண்கள்கூட நினைவிருக்கின்றன.

எந்தக் கிராஸ் என்றுதான்
தெரியவில்லை.