தும்மினால் நூறு

எல்லார் வீட்டிலும் பிள்ளை தும்மினால்
நூறு என்பார்கள்.
எங்கள் வீட்டில்
எங்க வலிக்குது என்போம்.
ஆறு வயதில் ஒரே தும்மலில்
கயலினிக்கு விலா எலும்பொன்று விட்டுப்போனது.
ஆகவே அந்த ஏப்ரலில்
உட்லண்ட்ஸ் போகும் என் பேருந்தில் ஒருவர் தும்மி
மேல்தளமே காலியானபோது
எனக்கு அது புதிதாகத் தெரியவில்லை.

செய்தியில் 'முறியடிப்புத் திட்டம்' என்றார்கள்.
எதை முறிக்கிறாங்க என்று
காலை இழுத்துக்கொண்டாள்.
கிருமியைத்தான் என்றேன்.
தள்ளி நில், தொடாதே, கூட்டத்தில் போகாதே:
பத்து வருஷமாய் அவள் கேட்டுச் சலித்ததை
மின்தூக்கியில் நான்கு மொழிகளில் ஒட்டியிருந்தார்கள்.
நாலையும் வாசித்துவிட்டு
பாவம்ப்பா, இவங்களுக்குப் பழக்கமே இல்ல, என்றாள்.

புதன்கிழமை தாதி ஹுய் லிங் அழைத்தார்.
சொட்டு மருந்து இரண்டு மாதம் தள்ளிப்போகிறது,
பயிற்சிக் குளம் மூடியாகிவிட்டது,
மன்னிக்கணும்,
அப்புறம் ஒரு கேள்வித்தாள்.
கடந்த ஏழு நாளில் மகிழ்ச்சியாக இருந்தாயா?
ஒருபோதும் இல்லை, எப்போதாவது, சில நேரம், அடிக்கடி, எப்போதும்.
குளத்துல மட்டும்தான் நான் நடப்பேன்,
அதை எதுல போடுவீங்க என்றாள்.
அதற்குக் கட்டம் இல்லை.
மற்ற பிள்ளைகளுக்குச் சமமாக உணர்ந்தாயா?
இதற்குக் கொஞ்சம் யோசித்தாள்.
திரையில எல்லாருக்கும் தலை மட்டும்தான் இருக்கு.
காலே யாருக்கும் இல்ல.
எப்போதும்னு போட்டுக்குங்க.

ஜூனில் என்னோடு வேலைபார்க்கும் ஹாஷிமுக்குத் தொற்று.
பதினான்கு நாள் நான் அறைக்குள்.
அவளைத் தூக்கத் தெரிந்தவன் நான்தான்.
அக்குளில் பிடிக்கக் கூடாது.
ஒரு கை இடுப்புக்கடியில்,
ஒரு கை கழுத்தடியில், விரல் விரித்து,
தளும்பத் தளும்ப நிறைந்த தாம்பாளத்தை எடுப்பதுபோல.
கதவுக்கு இந்தப் பக்கமிருந்து
மூணு எண்ணு, மூச்சை விடு என்று
செல்வகுமாரிக்குச் சொல்லிக்கொடுத்தேன்.
பிறகு கதவில் காதை வைத்தேன்.
அந்தச் சத்தத்தை நான் நான்கு முறை கேட்டிருக்கிறேன்,
ஐஸ் குச்சியைக் கடிப்பதுபோல இருக்கும்.
வரவில்லை.
அம்மா அப்பாவவிட மெதுவாத் தூக்குறாங்க என்று
எனக்குக் கேட்கட்டும் என்றே
உரக்கச் சொன்னாள்.

முகக்கவசத்தோடு முதல்முறை கடைக்குப் போனோம்.
சக்கர நாற்காலியைப் பார்த்ததும்
என்னாச்சு என்பவர்கள்தான் எப்போதும்.
அன்று கல்லாவில் இருந்த பெண்மணி குனிந்து
இவ கண்ணு வெள்ளையில நீலம் ஓடுதே,
எவ்வளவு அழகு என்றார்.
என் எலும்பு செஞ்ச வேலை ஆண்ட்டி, என்றாள்.
அவருக்குப் புரியவில்லை.
வீட்டுக்கு வரும்வரை
கண்ணைச் சிமிட்டிக்கொண்டே வந்தாள்.

பள்ளி திறந்தது.
மூன்றாம் வாரம், தாழ்வாரத்தில்
யாருடைய பையோ இடித்து
இடது முன்கை.
இடித்த பிள்ளை அழுதாளாம்,
இவள்தான் தேற்றினாளாம்.

தாதி மறுபடி அழைத்தார், அதே தாள்.
மகிழ்ச்சியாக இருந்தாயா?
கயலினி மாவுக்கட்டைத் திருப்பிப் பார்த்தாள்.
ஷர்மீன் அதில் ஆமை ஒன்று வரைந்திருந்தாள்,
ஐந்து காலோடு.
வீட்டுலயே இருந்தப்ப ஒண்ணும் ஒடியல.
இப்ப ஒடிஞ்சிருச்சு, ஆனா ஆமை இருக்கு.
ரெண்டு கட்டத்துல டிக் போடலாமா?
மறுமுனையில் பேனா நகரவில்லை.
பார்க்கிறேன் என்றவர்
அப்படியே தும்மினார்.

நூறு என்றாள் கயலினி, தமிழில்.
அப்படியென்றால், என்று தாதி கேட்க
ஹண்ட்ரட் என்றேன் நான்.
எந்தக் கேள்விக்கு என்றார்.