வீட்டோடு மாப்பிள்ளை

மேடம் வீட்டு மரத்துக்குத் தனி ஏசி.
சாணக்யபுரியில் கண்ணாடி அறை, நீலச் சாடி,
என் இடுப்பளவு உயரம்.
சிவந்த இலை ஒவ்வொன்றுக்கும் ஏழு விரல்.
மேப்பிள் என்றார்கள்.
மாப்பிள்ளை என்று வைத்துக்கொண்டால்தான்
எனக்கு நினைவிருக்கும்.

மே கடைசியில் கவாத்து.
வெட்டியதெல்லாம் குப்பைக்கு என்பது உத்தரவு.
ஒன்பது கிளைநுனிகளை ஈரக் கைக்குட்டையில் சுற்றிச்
சோற்று டப்பாவுக்குள் படுக்க வைத்தேன்.
வாசலில் பிஷ்ட் டப்பாவைக் குலுக்கிப் பார்த்தார்.
சத்தமில்லை. போகச் சொன்னார்.

தக்ஷிண்புரியில் அன்று நாற்பத்தாறு டிகிரி.
அஞ்சுகம் பிளேடை வெந்நீரில் கழுவித் தந்தாள்.
கணுவுக்குக் கீழே சாய்வாக ஒரு வெட்டு,
அடியிலைகளை உருவிவிட்டு
நுனியில் இரண்டு மட்டும்,
அவற்றிலும் பாதியைக் கத்தரித்து,
மணலும் தேங்காய்நாரும் அடைத்த பால் பாக்கெட்டுகளில்
ஊன்றி
பாலிதீன் பையால் மூடினேன்.
இட்லிச் சட்டிபோல் உள்ளே வியர்த்தது.

குளிர்ச்சி என்று எங்களிடம் இருப்பது
ஒரே ஒரு கூலர்.
அதன் முன்னால்தான் சங்கவி
ஸ்டெனோ பரீட்சைக்குப் படிக்கிறாள்.
"பொண்ணுக்கு மாப்பிள்ளை பாக்கச் சொன்னா
ஒம்பது பேரைக் கூட்டியாந்து
காத்து வாங்க உக்கார வெச்சிருக்காரு."
சொல்லிக்கொண்டே அஞ்சுகம்
டேங்கர் தண்ணீரில் ஒரு சொம்பு ஒதுக்கினாள்.

வீட்டுக்காரர் தரம்பால் படியிலிருந்து எட்டிப் பார்த்து
கஞ்சாவா என்றார்.
மாப்பிள்ளை என்றேன்.
சங்கவி அதை இந்தியில் 'தாமாத்' என்று சொல்லிவிட
மனுஷர் ஒன்பதையும் ஒருமுறை எண்ணிவிட்டுப்
பேசாமல் இறங்கிப் போனார்.

முதல் வாரம் இரண்டு அடியிலிருந்து கறுத்தன.
கரண்ட் போன ஒரே ராத்திரியில் நான்கு.
ஒன்றைப் பூஞ்சை தின்றது.
எட்டாவது மட்டும் மூன்றாம் வாரம்
நகத்தளவு இலை விட்டது,
சிவப்பாக, ஈரமாக.
அன்றைக்கு நாங்கள் பாயசம் வைத்தது உண்மை.
பத்து நாளில் இலை துவண்டது. தூக்கிப் பார்த்தேன்.
குச்சி சுத்தமாகக் கையோடு வந்தது,
ஒரு வேர் இல்லை.
வெட்டியபோது தண்டில் இருந்த கட்டுச்சோற்றைத்
தின்று விரித்த இலை அது.

ஒன்பதாவது எதையும் காட்டவில்லை.
சாகவும் இல்லை.
அதை யாரும் எண்ணிக்கையில் சேர்க்கவில்லை.

ஜூலையில் மேடம் ஊருக்குப் போயிருந்தார்கள்.
வெள்ளிக்கிழமை ஏசி நின்றிருக்கிறது,
அறைச் சாவி என்னிடம் இல்லை.
திங்கள் காலை இலைகள்
அப்பளம்போல் விரலில் நொறுங்கின.
நாலு நாடு மாறியும் கூடவே வந்த மரமாம்.
திரும்பி வந்தவர் சாடியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு
வெகுநேரம் நின்றார்.
வெட்டிய கொம்பு ஏதாவது மிச்சம் இருக்கிறதா
என்று கேட்டார்.
நஹீம் மேடம் என்றேன்,
கேள்வி முடியும் முன்பே.

அன்று ராத்திரி மழை.
கூலரை அணைத்துவிட்டு
பையைப் பிரித்து
ஒன்பதாவதை இரண்டு விரலால்
மெல்ல இழுத்தேன்.
அது திருப்பி இழுத்தது.

இன்னொரு தடவை இழுத்துப் பார்க்கச் சொன்னாள் அஞ்சுகம்.
வேண்டாம் என்றாள் சங்கவி.

காலையில் வாசலில் பிஷ்ட்.
வெளியே போகும்போதுதான் துருவுவார்கள்,
உள்ளே கொண்டுபோவதைக் கேட்பதில்லை.
ஆனால் பிஷ்ட் குனிந்து பார்த்தார்.
எங்கள் மலையில் இதற்கு அண்ணன் மரம் உண்டு,
காஞ்சல் என்போம் என்றார்.
காஞ்சதெல்லாம் போச்சு, இது காயலை என்றேன்.
தமிழில் சொன்னதால் அவருக்குப் புரியவில்லை.
சிரித்தார். ரிஜிஸ்டரைத் திறந்தார்.

சாமான் பெயர் என்ன?

கொஞ்சம் யோசித்தேன். சொன்னேன்.
அவர் எழுதும் இந்தியில் 'ள' கிடையாது.
மாப்பிலை, ஒன்று
என்று எழுதிக்கொண்டு
நேரம் 8.40 என்று போட்டார்.